பதினொரு மணி ஐம்பது நிமிடம், நேர் விமானம்

அத்தியாயம் 4

“எங்க அண்ணன் எங்க அண்ணன்தானான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுவும் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள.”

காலை பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறி வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகக் கணவனைப் பின்தொடரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஓடிப்போன பூனையைத் தேடச் சொல்வார்கள். வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை.

“முதல்ல உட்காரும்மா” என்றார் செக்கர் அக்கா.

செக்கர் அக்கா என் மனைவியின் அக்கா. இருபத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவர்கள் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, பொய் பக்கத்தில் வந்தாலே அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். ஓய்வு பெற்றதும் சைக்கிள் கடைக்கு மேலே இந்த நிலையத்தைத் திறந்தார். அதே மாதம் நான் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடினார்கள். என் மனைவி இரண்டையும் முடிச்சுப் போட்டு, என்னை இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனாள். அக்கா என்னை ‘மாப்பிள்ளை’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதை இல்லாத வேலைகளை மட்டும் தேடிப் பிடித்துக் கொடுப்பார்.

வந்தவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். ஊர்க்காரர்களின் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்குச் சொந்த அண்ணனை அடையாளம் தெரியவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டார்.

“அண்ணன் வெளிநாடு போனப்ப எனக்கு எட்டு வயசு மேடம். அவனுக்கு இருபத்திரெண்டு. போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை அப்பாவோட லேண்ட்லைனுக்குப் பேசுவான், ஆனா ஒரு தடவைகூட வரலை. இப்ப அப்பாவுக்கு நாளைக்குக் காலைல நெஞ்சு ஆபரேஷன். ‘ஒப்புதல் பாரத்துல எம்பையன் கையெழுத்துப் போட்டாத்தான் படுப்பேன்’னு அடம் பிடிச்சார். போன்ல அண்ணன்கிட்டயும் அதைச் சொன்னார். திங்கக்கிழமை ஒருத்தர் பெட்டியோட வந்து இறங்கினார். நான்தான் உங்க அண்ணன்னார்.”

“போட்டோவோட ஒப்பிட்டுப் பார்த்தியா?”

“வீட்ல போட்டோ எடுக்கறதே அண்ணன்தான். அதனால எதுலயும் அவன் இல்லை. ஒரே ஒரு படத்துல தொப்பி போட்டுத் திரும்பி நிக்கறான். வந்திருக்கறவருக்கு வழுக்கை, தாடி, தொப்பை. போன் எப்பவும் கரகரன்னுதான் கேக்கும், குரலை வெச்சும் சொல்ல முடியலை.”

“பாஸ்போர்ட்?”

“ரிட்டர்ன் டிக்கெட்டுக்காக ஏஜென்ட்கிட்ட குடுத்திருக்காராம்.”

“ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமே” என்றேன்.

“விசாரிச்சேன் சார். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். அஞ்சேகாலுக்கு ஆஸ்பத்திரி கார் வருது. அதுக்குள்ள பாரத்துல கையெழுத்தாகணும். ஆபரேஷன் நடுவுல ஏதாவதுன்னா டாக்டர் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேப்பாங்க. யாரோ ஒருத்தர் கைல எங்கப்பா உயிரை எப்படி மேடம் குடுக்கறது? வேண்டாம்னு விரட்டிட்டா, அப்பா படுக்கவே மாட்டேங்கறார்.”

அக்கா பேனாவைத் திறந்தார். பேனா திறந்தால் வழக்கு எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

“சந்தேகம் எப்ப வந்துச்சு?”

“நுழையும்போதே. வாசப்படி தாண்டினதும் கதவுக்கு வலது பக்கச் சுவரைக் கையால தடவினார். லைட் சுவிட்ச் தேடற மாதிரி. எங்க வீட்ல சுவிட்ச் எப்பவுமே இடது பக்கம்தான். அங்கயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா?”

“அடுத்து?”

“பயணம் எப்படின்னு அப்பா கேட்டார். ‘ஒன்பதாயிரத்து நானூத்து அறுபத்தேழு கிலோமீட்டர்ப்பா, பதினொரு மணி அம்பது நிமிஷம், நேர் விமானம்’னார். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா பெட்டியில விமானத்து டேக் இருக்கு. அதைப் பார்த்துத்தான் நானே குழம்பிட்டேன்.”

கைப்பேசியில் பெட்டியின் படத்தைக் காட்டினாள். பழைய நீலப் பெட்டி, கைப்பிடியில் வெள்ளைக் காகிதப் பட்டை. அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, எனக்கு அனுப்பச் சொன்னார். நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

“ஆள் பொய் சொல்றான் மாப்பிள்ளை” என்றார், படியில் அவள் செருப்புச் சத்தம் அடங்கியதும்.

“எப்படிக்கா?”

“நிஜமா பயணம் பண்ணினவன் கால் வீங்கினதைச் சொல்வான். பக்கத்து சீட்டுக் குழந்தை கத்தினதைச் சொல்வான். கக்கூஸ் வரிசையைச் சொல்வான். கிலோமீட்டர் எவன் சொல்லுவான்? நீங்க உங்க மாமியார் வீட்டுக்குப் போய்ட்டு வந்து எத்தனை கிலோமீட்டர்னு எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?”

“அங்க போனா எத்தனை மணி நேரம்ங்கறது மட்டும்தான் மனசுல ஓடும்.”

“அது எங்கம்மா வீடும்தான்” என்றார் அக்கா. நான் டீயைக் குடித்துக்கொண்டேன்.

*

டிக்கெட் புக்கிங் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே கவுண்டரில் இருந்தவருக்கு ‘ஜன்னல் சீட்டு’ என்று பெயர். யார் வந்தாலும், விசாவைப் பற்றி விசாரிக்க வந்தாலும்கூட, “ஜன்னல் சீட்டு வேணுமா?” என்று கேட்பார். அக்காவையும் கேட்டார்.

“எனக்குச் சீட்டே வேண்டாம். விமானம் இருக்கான்னு மட்டும் சொல்லு” என்று அக்கா அந்த வெளிநாட்டு ஊரின் பெயரைச் சொன்னார். “இங்கருந்து நேர் விமானம்.”

ஜன்னல் சீட்டு கணினியைத் தட்டாமலே சிரித்தார். “நேர் விமானமா? அந்த ஊருக்கா? அங்க இருக்கற ஓடுதளத்துல அம்பது பேர் உட்கார்ற விமானம் இறங்கினாலே உள்ள இருக்கறவங்க கைதட்டுவாங்க. இங்கருந்து போறதுன்னா ரெண்டு இடத்துல மாறணும். ரொம்ப வேகமா போனாலும் இருபத்திமூணு மணி நேரம். அதுல ஏழு மணி நேரம் நடு ஏர்போர்ட்ல பெஞ்சுல படுக்கணும்.”

“முன்னாடி எப்பவாவது நேர் விமானம் இருந்துச்சா?”

“நான் இந்த சீட்ல உக்காந்து இருபத்தோரு வருஷம். இருந்ததே இல்லை.”

இதற்குள் நான் கைப்பேசியில் தேடி ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடும். எங்கள் ஊரையும் அந்த ஊரையும் கொடுத்தேன். தூரம் 9,467 கிலோமீட்டர். பயண நேரம் 11 மணி 50 நிமிடம்.

“அக்கா, ஒரு நிமிஷம்கூடப் பிசகலை!”

அக்கா தன் சின்ன நோட்டில் கணக்குப் போட்டார். “எண்ணூறால வகுத்திருக்கான். ஒன்பதாயிரத்து நானூத்து அறுபத்தேழை எண்ணூறால வகுத்தா பதினொண்ணே முக்காலும் கொஞ்சமும். சரியா பதினொரு மணி அம்பது நிமிஷம். காத்து கிடையாது, மேகம் கிடையாது, இறங்க இடமில்லாம வானத்துல வட்டம் போடறது கிடையாது. விமானமே கிடையாது. வெறும் வகுத்தல்.”

“இது யார் எதைக் கேட்டாலும் சொல்லும் போலிருக்கு” என்று நான் விளையாட்டாக எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் விமான நிலையத்துக்கே கேட்டுப் பார்த்தேன். தூரம் பூஜ்யம், நேரம் பூஜ்யம் என்றது. கீழே ‘உங்கள் பயணம் இனிதாகட்டும்’ என்று ஒரு வாழ்த்து வேறு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி, அந்தப் பூஜ்யத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டிப் படத்தைத் திறந்து ஜன்னல் சீட்டிடம் நீட்டினார். “இந்த டேக் நிஜமா?”

“நிஜம்தான். திங்கக்கிழமை இங்க வந்து இறங்கின பெட்டியோட டேக். ஆனா நீங்க சொல்ற ஊர்லருந்து இல்லை, வேற ஊர். அப்புறம் இதைப் பாருங்க.” ஓரத்தில் பளபளத்த ஒரு கீற்றைக் காட்டினார். “கிழிச்சுப் போட்ட டேக்கை செலோடேப் வெச்சு ஒட்டியிருக்காங்க. இந்தக் கூத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் வெளில வந்ததும் இதைக் கிழிச்சு டிராலியிலயே போட்டுட்டுப் போவாங்க.”

“கேஸ் முடிஞ்சுதுக்கா” என்றேன் தெருவுக்கு வந்ததும். “ஆள் பறக்கவே இல்லை, ஆக அண்ணனும் இல்லை. போய்ச் சொல்லிட்டு, நாலரைக்குள்ள நான் வீட்டுக்குப் போய்டலாம்.”

“பறக்கலைங்கறது சரி” என்றார் அக்கா. “ஆகங்கறீங்களே, அதுதான் இடிக்குது.”

*

வீட்டு வாசலில் நுழைந்ததுமே அக்கா நின்றார். கதவுக்கு வலது பக்கம், தலை உயரத்தில், சுண்ணாம்பில் முக்கால்வாசி முழுகிய ஒரு துருப்பிடித்த ஆணி. அதன் கீழே அரைவட்டமாக மெல்லிய பள்ளம். விரலால் அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். நான் சுவிட்சைப் பார்த்தேன். அது இடது பக்கம்தான் இருந்தது.

அப்பா உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது, தாமதம் என்றால் ஏன் என்று எழுதிவைக்கிற வேலை. எதிர்ச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் நாலு பத்து. இன்னொன்றில் ஒன்பது நாற்பது.

“ரெண்டாவது?” என்று கேட்டார் அக்கா.

“அது என் மகன் ஊர் நேரம்” என்றார் அப்பா. “அங்க இப்ப காலை. நீங்க யாரு?”

“ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்தேன்.”

“ரயிலா!” அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “உங்காளுங்க ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்காங்களா?”

“உங்க டிரைவருங்க ஒருநாளாவது ஸ்டாப்ல நிறுத்தியிருக்காங்களா?”

இரண்டு பேரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டார்கள். மகள் என்னைக் கலவரத்தோடு பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் வந்தவர், அதாவது அண்ணன் என்று சொல்லிக்கொள்கிறவர், ஆஸ்பத்திரிக்காக வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தாடி, வழுக்கை, தொப்பை எல்லாம் சொன்னபடியே இருந்தன. நாற்காலியின் முன்சக்கரம் கோணிக்கொண்டு கிறீச்சிட்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலால் சக்கரத்தை ஒரு தட்டு, இடுப்பால் ஓர் இடி, நாற்காலி அரைவட்டம் அடித்துக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்த சந்தில் கச்சிதமாகப் போய் நின்றது. நான் பத்து நிமிஷம் மல்லுக்கட்டியிருந்தாலும் அலமாரிக் கண்ணாடிதான் உடைந்திருக்கும்.

“பிரயாணமெல்லாம் சவுகரியமா?” என்று கேட்டார் அக்கா.

“சவுகரியம்தாங்க. நேர் விமானம். பதினொரு மணி அம்பது நிமிஷம்.”

“சாப்பிட என்ன குடுத்தாங்க?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“என்னன்னு கேட்டேன்.”

“டப்பாவுல... குடுத்தாங்க.”

“இப்ப அங்க மணி என்ன?”

இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் வந்தது. “காலை எட்டு நாப்பது.”

எல்லோர் கண்ணும் இரண்டாவது கடிகாரத்துக்குப் போனது. ஒன்பது நாற்பது. அப்பா மட்டும் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஹாலுக்கு வாங்க, ஒரு வார்த்தை பேசணும்” என்றார் அக்கா.

ஹாலில் அக்கா சுற்றி வளைக்கவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். “தம்பி, அந்த ஊருக்கு இங்கருந்து நேர் விமானமே கிடையாது. உங்க தூரமும் நேரமும் ஒரு வலைப்பக்கத்துல வகுத்துப் போட்டது. உங்க டேக் யாரோ கிழிச்சுப் போட்டது. நீங்க எந்த விமானத்துலயும் வரலை.”

அவர் ஓரத்திலிருந்த பெட்டியின் டேக்கைப் பார்த்தார்.

“நான் நினைச்சேன்!” மகள் வெடித்தாள். “எங்க அண்ணன் அங்க தனியா கிடக்கறான், நீ அவன்கூட ரூம்ல இருந்தவனா? கதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தியா? நாளைக்கு எங்கப்பாவுக்கு நெஞ்சைத் திறக்கறாங்கய்யா! இதுல விளையாட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? எடு பெட்டியை!”

அவர் மறுபேச்சில்லாமல் பெட்டியை எடுத்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாட்டிக்கொண்ட மோசடிக்காரன் கத்துவான், இல்லை காலில் விழுவான். இவர் தாமதமாக வந்து வகுப்புக்கு வெளியே நிற்கும் பையன் மாதிரி நின்றார்.

“கதவு வரைக்கும் போங்க” என்றார் அக்கா. “அங்க நில்லுங்க. திங்கக்கிழமை உள்ள வரும்போது இந்தச் சுவர்ல எதையோ தேடினீங்களே, அது என்னன்னு சொல்லுங்க. தப்பா சொன்னா அப்படியே போயிடலாம்.”

அவர் சுவரைப் பார்த்தார். கை தானாக மேலே எழுந்து ஆணி இருந்த இடத்தில் நின்றது.

“பென்சில்” என்றார்.

மகள் இடுப்பில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினாள்.

“கயித்துல கட்டித் தொங்கும்” என்றார் அவர், சுவரிடமே. “பக்கத்துல நோட்டு. டிப்போவுல மாதிரியே. வீட்டை விட்டு யார் போனாலும் எத்தனை மணின்னு எழுதணும், வந்தா எழுதணும். லேட்டா வந்தா காரணம் எழுதணும். இவளுக்குக் கை எட்டாது. நான்தான் தூக்கிப் பிடிப்பேன். ஸ்கூல் விட்டு லேட்டா வந்தா, தினமும் ஒரே காரணம்தான் எழுதுவா. ‘நாய்.’”

“தெருமுனைல நிஜமாவே ஒரு நாய் இருந்துச்சு” என்றாள் மகள், யாரோ குற்றம் சாட்டிய மாதிரி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

நான் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். “அக்கா, அப்ப இவர்...”

“அண்ணன்தான். வெளிநாட்லருந்துதான் வரலை. நீங்க சிரிச்சீங்களே, பூஜ்யம் கிலோமீட்டர், அதான் இவரோட பயணம். கிழிச்ச டேக் யார் கைக்குப் போகும்? டிராலி தள்றவர் கைக்கு. கோணின சக்கரத்தைப் பார்க்காமலே தட்டி நேராக்கறது யாருக்கு வரும்? எத்தனை வருஷமா நம்ம ஏர்போர்ட்ல டிராலி தள்றீங்க தம்பி?”

“பத்தொன்பது” என்றார் அண்ணன்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சொன்னார். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் கொடுத்த டிக்கெட் போலி. கவுண்டரில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காலை ஆறு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவரை டிப்போவே வாசலில் நின்று கையாட்டி அனுப்பியிருந்தது. எந்த முகத்தோடு ஒன்பது மணிக்குத் திரும்பிப் போவது? ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று அங்கேயே ஒரு வேலையில் சேர்ந்தார். வாரம் போய் வருஷம் வந்தது. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஊரைப் பற்றிக் கேட்கக் கேட்க, இவர் படித்துப் படித்துச் சொன்னார்.

“என் கல்யாணத்துக்கு ஃபிளைட் டிக்கெட் கிடைக்கலைன்னியே!” மகள் கத்தினாள்.

“கிடைக்கலைதானே” என்றார் அண்ணன் பரிதாபமாக.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம்தான். நல்லவேளை, அவளும் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உடனே அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்” என்றார் அண்ணன். “நாளைக்கு ஆபரேஷன். தாங்க மாட்டார். நான் கையெழுத்துப் போட்டுட்டு...”

“எல்லாரும் உள்ள வாங்க” என்று அறையிலிருந்து குரல் வந்தது. “இந்த வீட்டுச் சுவர் மெலிசு.”

உள்ளே போனோம். அப்பா தலையணைக்கு அடியிலிருந்து கனத்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

“அப்பா...”

“நீ பேசாத. உனக்குத் தூரம் வரும், நேரம் வராது.” அப்பா இரண்டாவது கடிகாரத்தைக் காட்டினார். “அந்த ஊர்ல வெயில் காலம் வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க. ரேடியோல கேட்டு நானும் வருஷா வருஷம் தள்ளி வெச்சேன். அங்க மணி என்னன்னு உன்னைக் கேட்டா, வருஷத்துல பாதி நாள் ஒரு மணி நேரம் தப்பாவே சொல்லுவ. ஒரு மனுஷன் தன் ஊர் மணியையே தப்பா சொல்லுவானா?”

“எப்பலருந்து தெரியும்?” என்று கேட்டாள் மகள்.

“பதினாலு வருஷம் இருக்கும். அப்புறம் இந்தப் பதினொரு மணி அம்பது நிமிஷம். எப்பக் கேட்டாலும் அதேதான். ஒரு நிமிஷம் கூடலை, ஒரு நிமிஷம் குறையலை.” அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. ஒருநாள்கூட லேட் ஆகாத வண்டின்னா என்ன அர்த்தம்?”

“அது கிளம்பவே இல்லைன்னு அர்த்தம்” என்றார் அக்கா.

“முப்பது வருஷம் டைம் கீப்பர் நான். எனக்கே டைம் சொல்றான்.”

அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “தெரிஞ்சும் ஏம்ப்பா கேக்கலை?”

“கேட்டா ஞாயித்துக்கிழமை போன் நின்னுடும்.” அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். “எங்க இருக்கன்னு தெரியாது. எங்கயோ இருக்கன்னு தெரியும். எனக்கு அது போதும்னு இருந்தேன். நாளைக்குப் படுத்தா எழுந்திருப்பேனோ மாட்டேனோ. அதான் கையெழுத்து, கையெழுத்துன்னு அடம் பிடிச்சேன். எங்க இருந்துடா வந்த?”

“ஏர்போர்ட்லருந்து.”

“நம்ம ஏர்போர்ட்டா? பதினாலு கிலோமீட்டர். ஒரே பஸ்.” அப்பாவுக்குப் பழக்கம் விடவில்லை. “நாப்பத்தஞ்சு நிமிஷம். ஆபீஸ் நேரத்துல ஒரு மணி.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அண்ணன் எழுந்து ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் அது சரியான கோட்டில் இருக்கிறதா என்று சரிபார்த்தாள். இரண்டு பேரும் அப்பாவைத் தாங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆனால் அப்பா இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கணக்கை முடிக்காம வண்டி எடுக்க மாட்டேன்” என்று மடியிலிருந்த நோட்டைத் திறந்தார். பக்கம் பழுப்பேறியிருந்தது. மகன், வெளியே: 6.10. அந்த வரியில் ‘உள்ளே’ என்ற கட்டம் பத்தொன்பது வருஷமாகக் காலியாக இருந்தது. நோட்டின் முதுகில் கயிறு கட்டிய ஒரு பென்சில் துண்டு. “எழுது.”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சேகால்...”

“எந்தக் கடிகாரம்?”

அண்ணன் முதல் கடிகாரத்துக்குத் திரும்பினார். “அஞ்சு பதினேழு.”

“அதை எழுது.”

எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. தாமதத்துக்குக் காரணம். அந்தக் கட்டம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாடிக்குள் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. நான் வாயில் வந்த மூன்று ஜோக்குகளை விழுங்கினேன். அக்கா அதற்காக என்னை ஒரு தடவை மெச்சிப் பார்த்தார்.

மகள் அண்ணன் கையிலிருந்து பென்சிலை வெடுக்கென்று பிடுங்கினாள். இப்போது அவளுக்கு யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து, அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி பொடி எழுத்தில் எழுதினாள்.

‘நாய்.’

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதைப் படித்தார். சக்கரத்தை விட்டுக் கையை எடுத்தார்.

“சரி” என்றார். “வண்டியை எடு.”